நிலவின் தூரமும் கடலின் பெருக்கும்



கேரித் தீவு, கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் வாழும் நமக்கு மண் அணையும் மதகும் புதியவை அல்ல. கடல் வற்றும்போது மதகைத் திறந்து தோட்டத்து நீரை வெளியே விடுவார்கள், பெருகும்போது மூடிவிடுவார்கள். அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போவதை நாம் கண்டிருக்கிறோம். பூமி ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் நிலவும் தன் பாதையில் சற்று நகர்ந்துவிடுவதே காரணம்.

நிலவு ஒன்றுதானே, பெருக்கு மட்டும் ஏன் நாளுக்கு இரண்டு? நிலவு தன் பக்கத்து நீரைப் பூமியின் நடுப்பகுதியைவிட அதிகமாக இழுக்கிறது. மறுபக்கத்து நீரைக் குறைவாக இழுப்பதால் அது பின்தங்கி, அங்கும் மேடாகிறது.

இனித் தூரத்துக்கு வருவோம். நிலவின் பாதை சரியான வட்டமன்று. சராசரித் தூரம் 384,400 கிலோமீட்டர். சில மாதங்களில் 357,000 வரை நெருங்கி வரும். விலகும்போது 406,000 வரை போகும். பார்வைக்குச் சிறிய வேற்றுமைதான். ஆனால், தூரம் பாதியானால் கடலை உயர்த்தும் விசை எட்டு மடங்காகும் என்பது கணக்கு. ஆகவே இச்சிறு வேற்றுமைக்கே விசை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடுகிறது.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் அதே கோட்டில் நின்று இழுக்கிறது. அதன் பங்கு நிலவினுடையதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. நிலவு மிக அருகில் வருவதும் இந்நாள்களும் ஏறத்தாழ ஏழு மாதத்துக்கு ஒருமுறை ஒன்றுசேரும். 14.11.2016 அன்று நிலவு 356,509 கிலோமீட்டரில் நின்றது. 1948க்குப் பிறகு அவ்வளவு அருகில் வந்த பௌர்ணமி அதுவே. பெரும்பெருக்கு வழக்கமாக ஓரிரு நாள் கழித்தே வரும்.

அந்நாள்களில் பெருமழையும் சேர்ந்தால்தான் தொல்லை. கடல் மட்டம் கால்வாயைவிட உயர்ந்து நிற்கும்வரை மதகைத் திறக்க முடியாது. மழைநீர் செம்பனை வரிசைகளுக்குள்ளேயே தேங்கும். அதே நாளில் கடல் வழக்கத்தைவிடக் கீழேயும் வற்றும் என்பதால், அந்தச் சில மணி நேரத்தைத் தவறவிடாமல் திறந்தால் நீர் விரைந்து வடியும். நில அளவைத் துறை வெளியிடும் கடலேற்ற அட்டவணையில் இந்நேரங்கள் இருக்கின்றன.

வற்றிய சேற்றில் கெராங் பொறுக்கப் போகும் பிள்ளைகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். வற்று வெகுதூரம் போகும் நாளில் திரும்பும் நீரும் வேகமாக வரும். ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் இரண்டு மணி மெதுவாகத்தான் ஏறும். ஏற்றத்தில் பாதி, அடுத்த இரண்டு மணி நேரத்திலேயே ஏறிவிடும்.