திரைப் பாடம் தாளில் ஏறும்போது



சென்னையிலிருந்து புறப்பட்டு, நம் தீவுகளுக்கிடையிலும் படர்ந்து, மொத்தம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் இடப்பட்ட கேபிள் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி திறந்துவைக்கப்பட்டது முதல், அதுவரை செயற்கைக்கோளையே நம்பியிருந்த அந்தமான் நிக்கோபாருக்கு இன்டர்நெட் தாராளமாக வந்து சேர்ந்திருக்கிறது என்பதும், ஆசிரியர்களுக்கும் சுகாதார ஊழியர்களுக்கும் உரிய பயிற்சிகள் பலவும் இப்போது கம்ப்யூட்டர் திரையிலும் செல்போனிலுமே நடைபெறுகின்றன என்பதும் நீங்கள் அறிந்த விஷயங்களே. ஆயினும், கேபிள் கரையேறிய ரங்கத்திலோ கார் நிக்கோபாரிலோ உள்ள பெரிய ஊரைத் தாண்டி உட்புறத்துக் கிராமத்துக்குப் போனால் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு செல்போன், அதுவும் மீன்பிடிக்கப் போனவரோடு போய்விடுகிறது. ஆகையினால், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றிருக்கும் நம் போர்ட் பிளேரின் டெலானிபூர்ப் பகுதியில் இருந்துகொண்டு, திரைப் பாடங்களைத் தாளில் ஏற்றிக் கொடுக்கும் பணியில் ஈடுபட்டிருக்கும் என்னிடம், "இதைப் பிரிண்ட் போட்டுத் தாங்க" என்று வந்து நிற்பவர்கள் இன்றும் குறையவில்லை.

பிரிண்ட் என்ற பொத்தானை அழுத்தினால் ஆயிற்று என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். திரைப் பாடத்தின் இயல்பே வேறு. தலைப்பைத் தொட்டால் விரிந்து, மறுபடி தொட்டால் சுருங்கும் பெட்டிகள் அதில் உண்டு. அச்சுக்கு அனுப்பும் வேளையில் எந்தப் பெட்டி மூடியிருந்ததோ அதன் உள்ளே இருக்கும் செய்தி பெரும்பாலும் தாளுக்கு வருவதேயில்லை. சரியான விடை பச்சை, தவறானது சிவப்பு என்று நிறத்தினாலேயே அர்த்தம் சொல்லும் பாடத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள்: இரண்டும் ஒரே சாம்பல் நிறம். மூடில், ஸ்டோரிலைன் முதலிய மென்பொருள்களில் பாடத்தை அச்சுக்கோ வேர்டு கோப்பாகவோ எடுக்கும் வசதி இருக்கிறது. அது பெரிய உபகாரந்தான். எனினும் அங்கிருந்து கிடைப்பது கச்சாப் பொருள் மட்டுமே என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பிறகுதான் மனிதர் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை ஆரம்பமாகிறது.

அந்த வேலையில் என் மனம் அதிகமாய் ஈடுபடுகிற பகுதி ஒன்று உண்டு. அதைப் பற்றியே இன்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். திரைப் பாடத்தில் மிகச் சிறந்த அம்சம், படமும் அன்று, பாட்டும் அன்று, நாம் ஒரு கேள்விக்குத் தவறான விடையைத் தொட்டவுடன், "அப்படியன்று, காரணம் இதுதான்" என்று எழும் சிறு ஜன்னல் இருக்கிறதே, அதுதான். தாளுக்கு மாற்றுகிறவர்கள் அவசரத்தில் முதலில் வெட்டியெறிவதும் அதைத்தான். கடைசிப் பக்கத்தில், "சரியான விடை: 3" என்று ஒரு வரி போட்டுவிட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள்.

ஓர் உதாரணத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். அங்கன்வாடி ஊழியர்களுக்கான ஒரு பாடத்தில், வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தையின் தாய் சொல்கிறாள்: "ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துல பாதியை ஒரு டம்ளர் தண்ணியில கலக்கிக் குடுத்தேன். மீதி பாதியை நாளைக்குன்னு வெச்சிருக்கேன்." ஊழியர் என்ன சொல்லவேண்டும்? 'சரி, மீதியை நாளைக்கே கொடுங்கள்' என்பது முதல் விடை. 'படித்துப் படித்துச் சொல்லியும் இப்படிச் செய்யலாமா?' என்று கடிந்துகொள்வது இரண்டாவது. ஒரு லிட்டர் பிடிக்கும் பாத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி, புதுப் பொட்டலம் ஒன்றை முழுவதும் அதில் கொட்டித் தாயையே கலக்கச் செய்வது மூன்றாவது. மூன்றாவதே சரி என்பதை யாரும் சொல்லிவிடலாம். ஆனால் முதல் விடையைத் தொட்டவருக்குத்தானே, அந்தப் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கென்றே அளந்து கட்டப்பட்டது, தண்ணீர் குறைந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கெடுதல் செய்யும், தண்ணீர் கூடினால் மருந்தின் பலன் குறையும், கலந்த நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்ற விவரமெல்லாம் கிடைக்கிறது! இரண்டாவதைத் தொட்டவருக்கோ, கடிந்துகொள்ளப்பட்ட தாய் அடுத்த முறை தான் செய்ததை மறைத்துவிடுவாள் என்ற புத்திமதி கிடைக்கிறது. தவறு செய்தவருக்கு மட்டும் திறக்கும் இந்தக் கதவுகளைத் தாளில் அடைத்துவிட்டால் பாடத்தில் என்ன மிஞ்சும்?

இந்தச் சம்பாஷணையைக் காகிதத்தில் நடத்த முடியுமா என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் வீட்டுக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்க விமானப் படையினரின் பயிற்சிக்காக உழைத்த நார்மன் கிரவுடர் என்பவர், 1950-களின் இறுதியில், பக்கங்கள் வரிசையாக அமையாத பாடநூல்களை வெளியிட்டார். ஒரு பக்கத்தில் பாடமும் கேள்வியும் இருக்கும். இந்த விடையானால் இந்தப் பக்கம், அந்த விடையானால் அந்தப் பக்கம் என்று வாசகர் திருப்பிக்கொண்டு போகவேண்டும். தவறான விடையின் பக்கத்தில் தவறு எப்படி நேர்ந்தது என்ற விளக்கம் காத்திருக்கும். நமக்கும் இது அந்நியமான முறையன்று. மாணாக்கன் எழுப்பக்கூடிய ஐயத்தைத் தாமே எழுப்பி, அதற்கு விடையும் தந்து, மேலே செல்லுவது இறையனார் அகப்பொருள் உரையின் போக்கு. வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று பகுத்துக் காட்டியவர் நன்னூல் செய்த பவணந்தி முனிவர். ஓலையில் நடந்த உரையாடல் ஏ4 தாளில் நடக்கமாட்டாதா?

ஆகவே அந்த அங்கன்வாடிப் பாடத்தை நாங்கள் இவ்விதமே அச்சிட்டோம். கேள்வி 9-ஆம் கட்டத்தில். விடைகள் 14, 17, 21-ஆம் கட்டங்களில், கண் தற்செயலாக அவற்றில் விழாதபடி கேள்விக்கு எட்டத்தில். பக்க எண்ணைச் சொல்லாமல் கட்ட எண்ணைச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு: ஒரு வரி கூடினாலும் பக்கம் நகர்ந்துவிடும், ஜெராக்ஸ் கடைக்காரர் செலவைக் குறைக்க இரண்டு பக்கங்களை ஒரு தாளில் சுருக்கிவிடுவார், கட்டத்தின் எண் அப்போதும் மாறாது. இன்னொன்றும் சொல்லவேண்டும். மூன்று விடைகள், ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று, அவற்றிலிருந்து மேலும் மூன்று என்று கிளைக்க விட்டால் மூன்றே படியில் 27 முடிவுகள் வந்து நிற்கும். திரை தாங்கும், தாள் தாங்காது. எனவே தவறான விடையின் கட்டத்தில் விளக்கத்தைச் சொல்லி, "மீண்டும் 9-ஆம் கட்டத்துக்கு வாருங்கள்" என்று அழைத்துவந்துவிடுகிறோம்.

அந்தப் பிரதிகள் கப்பலேறி லிட்டில் அந்தமானுக்கும் போயின. பிறகு ஒரு சமயம் ஹட்பேயில் ஓர் ஊழியரம்மாவைச் சந்தித்தபோது, அவர் கையிலிருந்த பிரதியில் 14-ஆம் கட்டமும் 17-ஆம் கட்டமும் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறியிருக்க, 21-ஆம் கட்டம் மட்டும் புதிதாகவே இருந்தது. "சரியான பதில் எனக்கு முன்னாடியே தெரியுங்க. தப்பான ரெண்டையும்தான் தாய்மார் கூட்டத்துல படிச்சுக் காட்டுறேன். இங்க அப்படித்தானே செய்யறாங்க!" என்றார். நான் செய்துவரும் காரியத்தின் பிரயோஜனத்தை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் எடுத்துரைத்ததில்லை.

நேரம் குறைவாயிருப்பதால் மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லுகிறேன். இழுத்துப் பொருத்தும் பயிற்சியா, கவலை வேண்டாம்; நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த 'பொருத்துக' அதற்கு நன்றாகவே ஈடுகொடுக்கும். வீடியோவுக்குப் பதிலாக ஒரே படத்தை ஒட்டிவிடாமல், செயலின் படிகளைக் காட்டும் மூன்று நான்கு படங்களையும் பேச்சின் எழுத்து வடிவத்தையும் சேர்த்துக் கொடுங்கள், சென்னை ஐ.ஐ.டி. முதலிய நிறுவனங்கள் கூடி நடத்தும் என்.பி.டி.இ.எல். தன் விரிவுரைகளை எழுத்தில் பெயர்த்துத் தமிழிலும் படிக்கத் தருவதை மாதிரியாகக் கொள்ளலாம். பழைய ஃபான்டுகளில் அடித்த தமிழ் இடம் மாறும்போது கொம்பும் காலும் சிதறிப்போகும், யூனிகோடிலேயே எழுதுங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது; இங்க்ஜெட் மை ஈரத்தில் கரைந்தோடும், லேசர் அச்சு நிற்கும். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃப்ளாஷுக்கு ஆதரவை நிறுத்தியபோது, அதை நம்பிச் செய்யப்பட்ட எத்தனையோ பாடங்கள் திறக்க முடியாமல் போயின; தாளில் ஏறியவை இன்றும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன.

பாடங்கள் தயாரிக்கும் அன்பர்களே, முடிந்த பாடத்தை மட்டும் அனுப்பாமல் அதன் மூலக் கோப்பையும் எங்களைப் போன்றவர்களுக்கு அனுப்பி உதவுங்கள். கச்சாலிலும் கமோர்ட்டாவிலும் கேம்ப்பெல் பேயிலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களே, ஊழியர்களே, உங்கள் இலாகாவிலிருந்து அடுத்த திரைப் பாடம் வரும்போது அதன் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தவறான விடைகளுக்குரிய விளக்கங்களும் அதில் இருக்கவேண்டும் என்று சேர்த்தே கேளுங்கள். நீங்கள் கேட்டால் அவை வந்து சேரும் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.