கால் என்னும் ஒரு சொல்

'கால்' என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது நடக்கும் கால்தான். காய்கறிக் கடையில் அதுவே நான்கில் ஒரு பங்கு: கால் கிலோ கத்தரிக்காய். அதில் பாதி அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. கல்யாண வீட்டில் பந்தக்கால் நடுகிறோமே, அங்கே கால் என்பது கம்பம். வயலுக்குப் போகும் வாய்க்காலில் அது நீரோடும் வழி. 'க'வுக்குப் பக்கத்தில் துணைக்கால் போட்டால் 'கா'. சங்கப் பாடல்களில் கால் என்றால் காற்று என்றும் பொருள். பிள்ளை, பேரன் என்று தொடரும் வம்சத்துக்குக் கால்வழி என்று பெயர்.

இத்தனை பொருளையும், சொல் நிற்கும் இடத்தை வைத்தே நம் காது பிரித்தறிந்துகொள்கிறது. அரைக்கால், கால்வழி போன்ற சொற்கள் இன்று பேச்சில் அருகி வருகின்றன. வீட்டுப் பிள்ளைகளிடம் அவற்றைச் சொல்லிப் பழக்குங்கள். புழங்கினால்தான் சொல் வாழும்.