குனகட்டுவாவுக்கு ஏன் ஊசி இல்லை?

இலங்கையின் அரநாயக்கப் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் இறப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கும், தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கும் குனகட்டுவாப் பாம்பைத் தெரியாமல் இருக்காது. ஒன்றரை அடியைத் தாண்டுவது அரிது. முக்கோணத் தலை, மேல்நோக்கி நிமிர்ந்த மூக்கு நுனி. சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும். கை பட்டால் கடித்துவிடும். இலங்கையில் விஷப்பாம்புக் கடிகளில் அதிகம் இதனுடையதே. இதில் மூன்று இனங்கள் உண்டு; அவற்றில் இரண்டு உலகில் வேறெங்கும் கிடையாது.

இதற்கு நம் ஆஸ்பத்திரிகளில் ஊசி இல்லை.

அங்கே வழக்கமாக இருக்கும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புரதத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். கண்ணாடி விரியனும் விரியன்தான், குனகட்டுவாவும் விரியன்தான். பிறகு ஏன் ஒன்றின் மருந்து மற்றதற்குக் கேட்பதில்லை?

விடை மரபணுவில் இருக்கிறது. விரியன் நஞ்சின் முக்கியப் பொருள்களில் ஒன்று பொஸ்போலிப்பேஸ் ஏ2 என்னும் நொதியம். உயிரணுச் சவ்வின் கொழுப்பை அது வெட்டிவிடும். இதே குடும்பத்து நொதியம் மனிதக் கண்ணீரிலும் உண்டு. அங்கே அதற்குக் கிருமிகளைக் கொல்லும் வேலை. பாம்பின் மூதாதையிடமும் இப்படியொரு சாதாரண மரபணுதான் இருந்தது. தற்செயலாக அதற்கு ஒரு பிரதி உண்டானது. மூத்தவன் தோட்டத்திலேயே இருக்க, இளையவன் கொழும்புக்குப் போய் வேறு தொழில் பழகியதுபோல, பிரதி நஞ்சுச் சுரப்பிக்கு உரியதானது. அங்கே பிரதிமேல் பிரதி. ஒவ்வொன்றிலும் சிறு மாற்றம். இரையைச் சீக்கிரம் வீழ்த்த உதவிய மாற்றங்கள் நிலைத்துவிட்டன.

1993இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹபு என்னும் விரியனின் இந்த மரபணுக்களை ஒப்பிட்டபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. வழக்கமாகப் புரதத்துக்கு உத்தரவு தரும் பகுதி அதிகம் மாறாது. இடையே கிடக்கும் பகுதிகள்தான் மாறும். ஹபுவில் எல்லாம் தலைகீழ். இடைப்பகுதிகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, புரதப் பகுதிகள் ஏகத்துக்கும் மாறியிருந்தன.

புரதத்தின் மேற்பரப்பு மாறினால் எதிர்ப்புரதத்துக்குப் பிடி கிடைக்காது. நஞ்சின் குணமும் மாறும். இலங்கைக் கண்ணாடி விரியன் கடித்தவர்களின் கண்ணிமை தொங்கிப்போவதற்கும் இந்தக் குடும்பத்து நொதியம் ஒன்றே காரணம்.

குனகட்டுவாவின் நஞ்சையும் சேர்த்து, இலங்கைப் பாம்புகளுக்கென்றே தயாரித்த புதிய மருந்தின் ஆய்வு முடிவுகள் 2016இல் வெளிவந்தன. கோஸ்டாரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனம் இலங்கை ஆய்வாளர்களுடன் சேர்ந்து செய்த வேலை அது.

அந்த மருந்து ஆஸ்பத்திரிக்கு வரும்வரை, ஊசி இல்லை என்பதற்காகக் கடிபட்டவர் லயத்திலேயே இருந்துவிடக் கூடாது. இந்த நஞ்சு சிலருக்குச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். நேரத்தோடு கவனித்தால் சிகிச்சை உண்டு. கடிவாயைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டாம். தூரத்திலிருந்து ஒரு போட்டோ போதும். வீடு திரும்பிய பிறகும் சிறுநீர் குறைந்தால் உடனே டொக்டரிடம் சொல்லுங்கள்.