பள்ளிக்கு முந்திய பருவமும் நம் கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

முத்தியால்பேட்டையில் நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நாளில், பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் சிறந்த மதிப்பெண் பெற்ற மாணவர்க்குப் பரிசு வழங்கி மகிழ்கிறோம். மாலை வகுப்பு நடத்துகிறோம். நோட்டுப் புத்தகம் தருகிறோம். இவை யாவும் போற்றத்தக்க பணிகளே. எனினும் இவை அனைத்தும் குழந்தை பள்ளியில் சேர்ந்த பின்னரே தொடங்குகின்றன. அதற்கு முந்திய ஐந்தாண்டுகளைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விழைகிறேன். அவ்வாண்டுகளில் குழந்தையின் வளர்ச்சியை உரிய காலந்தோறும் சோதித்தறிய வேண்டும். அச்சோதனையில் நம் தெருக் குழந்தை ஒன்றேனும் விடுபடலாகாது. இதுவே என் வேண்டுகோள்.

குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக நோக்குதல் தமிழர்க்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் அதனைப் பத்துப் பருவங்களாக வகுத்தனர். ஐந்தாம் திங்கள் அளவில் கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் திங்கள் அளவில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. ஓராண்டு நிறைந்து தளர்நடையிட்டு வருவது வருகை. இன்று மருத்துவர் கேட்பனவும் ஏறத்தாழ இவையே. தலை நின்றதா? கை தட்டுகிறதா? நடக்கிறதா? ஆனால் அப்பருவங்கள் பெரும்பாலும் பாடப்பெற்றவை தெய்வங்களுக்கும் அரசர்க்கும் அருளாளர்க்குமே. நம் குடிசையில் தவழ்ந்த குழந்தைக்குப் பருவம் பார்த்தவர் எவர்? தாய் விடியுமுன் கூலி வேலைக்குச் சென்றாள். குழந்தை அக்காளின் இடுப்பில் வளர்ந்தது.

பாராது விட்டதன் விளைவைப் பள்ளியில் காண்கிறோம். நான் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில், இரண்டாம் வகுப்புக்கு வந்தும் ஓர் எழுத்தும் அறியாத சிறுமி ஒருத்தி இருந்தாள். கேட்ட கேள்விக்கு விடை சொல்லாள். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பாள். அவளுக்குப் படிப்பு வராது என்பதே பலரின் தீர்ப்பு. காது மருத்துவரிடம் காட்டிய பிறகே, அவளுக்கு இரு செவிகளிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு என்பது தெரிந்தது. செவிக்கருவி பொருத்திய பின் அவள் படிக்கலானாள். ஆயினும் மொழி வளரும் முதல் ஐந்தாண்டுகள் கழிந்து போயின. அவற்றை எக்கருவியாலும் திருப்பித் தர இயலாது.

வேறு குழந்தை பின்தங்கினால் என்ன காரணம் என்று கேட்பார்கள். நம் குழந்தை பின்தங்கினால் காரணம் கேட்பதில்லை. பிறப்பையே காரணமாகச் சொல்லி முடிக்கிறார்கள். செவியில் உள்ள குறை சாதியின் மேல் ஏற்றப்படுகிறது. அண்ணல் அம்பேத்கர் சிறுவராய் இருந்தபோது வகுப்பில் தனியே ஒரு கோணிப்பையின் மீது அமர்த்தப்பட்டார் என்பதை நாம் அறிவோம். அந்தக் கோணியைச் சட்டம் நீக்கிவிட்டது. கண்டறியப்படாத குறையால் கடைசி வரிசைக்குத் தள்ளப்படும் குழந்தைக்கோ, அவ்வரிசையே கோணியாகிறது.

பிறப்பால் அறிவும் வளர்ச்சியும் தாழும் என்பாருக்கு அறிவியல் தக்க விடை தந்துள்ளது. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய்ந்தது. தாய்ப்பாலும் நல்ல உணவும் தூய சூழலும் மருத்துவக் கவனிப்பும் பெற்ற குழந்தைகள், எந்நாட்டினராயினும் எந்நிறத்தவராயினும், ஏறத்தாழ ஒரே அளவாகவே உயர்ந்தனர். 2006இல் வெளியான அதன் அளவுகளே இன்று அங்கன்வாடியில் எடை பார்க்கும் அட்டைக்கு அடிப்படை. ஆகவே நம் குழந்தை அவ்வளவுக்குக் கீழே நின்றால், குறை குலத்தில் இல்லை. உணவிலோ, நோயிலோ, கவனிப்பிலோ இருக்கிறது. அதைத் தேடிக் கண்டறிவதே சோதனையின் நோக்கம்.

சோதனை என்றதும் சில தாய்மார் அஞ்சுகின்றனர். குழந்தைக்கு ஒரு பட்டம் கட்டிவிடுவார்களோ என்பது அவர்களின் ஐயம். அது பொருளற்ற ஐயமன்று. பிரெஞ்சு நாட்டில் 1905ஆம் ஆண்டு ஆல்பிரட் பினே என்பவர் சிமோன் என்பவருடன் சேர்ந்து அறிவுச் சோதனை ஒன்றை வகுத்தார். பள்ளியில் தனி உதவி தேவைப்படும் சிறுவரை அறிவதே அவர் நோக்கம்; அறிவு மாறாத அளவுடையது என்னும் கருத்தை அவர் மறுத்தார். பின்னர் அமெரிக்காவில் சிலர் அச்சோதனையையே மக்களைப் பிறப்பால் தரம் பிரிக்கும் கருவியாக்கினர். ஆதலின் சோதனைக்குப் பின் உதவி வருகிறதா என்று நாம் விழித்திருந்து கேட்க வேண்டும். அதற்காகச் சோதனையையே விலக்குதல் தகாது.

அரசின் ஏற்பாடுகள் உள்ளன. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியே வந்தவை, பால்வாடி என்று நாம் வழங்கும் அங்கன்வாடிகள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை சோதிக்க வேண்டும். பிறவிக் குறை, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் என்னும் நான்கையும் அக்குழு பார்க்கும். இதற்குப் பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தார் 1991இல் வெளியிட்ட அட்டவணையில் இரண்டு வயது வரைக்கும் 17 செயல்களே உள்ளன. பென்சிலைக் கண் தொடர்கிறதா, மணியோசைக்குத் தலை திரும்புகிறதா என்பன போன்றவை அவை. சில நிமிடங்களில் முடியும்.

உரிய காலத்தில் கண்டால் பயன் பெரிது. பிறவித் தைராய்டு குறைவைப் பிறந்த சில வாரங்களுக்குள் அறிந்து நாள்தோறும் மருந்து கொடுத்தால் மூளை வளர்ச்சியைக் காக்கலாம். வளைந்த பாதத்தை முதல் வாரங்களிலேயே மாவுக்கட்டுப் போட்டுத் திருத்தலாம். ஒரு கண் மட்டும் பார்வை மங்கியிருப்பின் ஏழு வயதுக்குள் சிகிச்சை தொடங்குதல் நன்று. முற்றும் தீராத குறைகளும் உண்டு. அக்குழந்தைக்கும் பயிற்சியும் கல்வியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதற்குத் துணை நிற்கிறது.

ஒரு குழந்தைபோல் மற்றொன்று வளராது. எட்டு மாதத்தில் நடப்பதும் உண்டு. பதினேழு மாதத்தில் நடப்பதும் உண்டு. ஆயினும் ஓராண்டாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, ஒன்றரை ஆண்டாகியும் நடவாத குழந்தை, இரண்டு ஆண்டாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தை, முன்பு பேசியதை மறந்த குழந்தை ஆகியோரை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். "ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும், அவன் அப்பனும் அப்படித்தான்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டு ஓராண்டு காத்திருத்தல் கூடாது. தாய்மாமன், அத்தை மகன் என நெருங்கிய உறவில் மணந்தோர், பிறவிச் செவிக்குறை சற்று மிகுதியாக நேர்வதை எண்ணிக் குழந்தையின் காதை முன்கூட்டியே சோதித்துக் கொள்வது நலம்.

இளைஞர்களே, உங்களிடம் மூன்று பணிகளை ஒப்படைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு தெருவிலும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெயரையும் பிறந்த நாளையும் ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். அங்கன்வாடிக்கு வாராத குழந்தையே சோதனையில் விடுபடுகிறது. இரண்டாவது, மருத்துவக் குழு வரும் நாளை அங்கன்வாடி ஊழியரிடம் கேட்டறிந்து முன்னிரவே வீடுதோறும் சொல்லுங்கள். மூன்றாவதே முதன்மையானது. மேல்சோதனைக்கு எழுதிக் கொடுத்த சீட்டு, கூரையில் செருகியபடியே கிடப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். ஜிப்மருக்கோ, எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதே காரணம். அத்தாயுடன் ஒருவர் துணை செல்லுங்கள். அந்நாளின் கூலியைச் சங்கம் ஈடு செய்யட்டும். பரிசுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை இதற்கென ஆண்டுதோறும் ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டுகிறேன்.

நாற்றில் மஞ்சள் கண்ட உழவன் விதையைப் பழித்து நிற்பதில்லை. அன்றே உரமிட்டு நீர் பாய்ச்சுகிறான். அத்தகைய கண்ணோடு நம் குழந்தைகளைப் பார்க்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்குமாயின், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் பரிசு பெற வரிசையில் நிற்போர் தொகை தானே பெருகும்.