மெலிந்து பிறந்த சிசுவுக்குப் பாலூட்டல்

(இராஜபாளையத்தில் கூடிய நமது சங்கத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



துளசி வனத்தில் கண்டெடுத்த குழவியைத் தம் மகளாகவே வளர்த்த பெரியாழ்வாரின் ஸ்ரீவில்லிபுத்தூர் நமக்கு அண்மையிலுள்ளது. அத்தகைய சீமையில் வாழும் நாம், மெலிந்து பிறக்கும் சிசுவைப் போஷிக்கும் முறையை அறியாதிருத்தல் தகுமா?

இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறப்பதை எடை குறைந்த சிசு என்பர். அது மார்பில் வாய் வையாவிடின், "தாய்க்குப் பாலில்லை" என்று வீட்டுப் பெரியோர் முடிவு கட்டிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. உறிஞ்சுதல், விழுங்குதல், சுவாசித்தல் ஆகிய மூன்றையும் இணைத்துச் செய்யும் ஆற்றல் கர்ப்பத்தின் 34-ஆம் வாரத்தையொட்டியே கைகூடுகின்றது. அதற்கு முன் பிறந்த சிசு பாலை வெறுப்பதில்லை, உறிஞ்ச வலிமையற்றிருக்கின்றது.

நம் பேரன் 1,600 கிராம் எடையுடன் பிறந்தபோது, சேனை தொட்டு வைக்க விரைந்தவர் நாமே என்பதை மறைக்க விரும்பவில்லை. தாதி ஒருவர் நம் கையைத் தடுத்து, "அம்மா, இச்சர்க்கரைத் தண்ணீரால் குழந்தைக்கு நோய் வரக்கூடும்; தாயின் சீம்பால் சில துளியாயினும் அதுவே மருந்து" என்றார். அன்று நாம் வெட்கினோம்.

தாதியர் முதலில் தாயின் பாலை மெல்லிய குழாய் வழியே செலுத்தினர். குழந்தை தேறியபின் சங்கினால் புகட்டினர். நம் பாட்டிமார் கையாண்ட சங்குதான், முறைதான் வேறு. படுக்க வைத்து வாயில் ஊற்றினால் பால் மூச்சுக்குழலிற் புகும். ஆதலின் சிசுவை நிமிர்த்திப் பிடித்து, கொதிநீரில் சுத்தி செய்த சங்கை உதட்டில் பொருத்தி, அது தானே பருகுமளவும் பொறுத்திருந்தனர். தாயோ, இரவிலும் விடாது, நாளொன்றுக்கு எட்டு முறையேனும் கையால் பால் பீச்சினாள். எடுக்க எடுக்கவே பால் ஊறும்.

கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரில் 1978-இல் எட்கர் ரே என்னும் மருத்துவர், சிசுவைத் தாயின் வெறுமார்பில் அணைத்து வைக்கும் கங்காரு முறையைத் தொடங்கினார். நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இவ்வாறு அணைக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அறிவுறுத்தியது. இதனால் உடற்சூடு நிலைபெறும், பாலும் பெருகும். தாய் இளைப்பாறும் வேளையில், பஞ்சாலையினின்று திரும்பிய தந்தையும் குளித்து மாற்றுடையணிந்து அணைக்கலாம்.

சகோதரிகளே! சேனையை விலக்குங்கள், சீம்பாலைக் கொட்டாதீர்கள், பிள்ளை பெற்றவளின் வீட்டுவேலையை நாம் ஏற்போம். சிசு பால் குடியாது துவண்டாலும், உடல் குளிர்ந்தாலும், விடியட்டுமென்று காத்திராது மருத்துவமனைக்கு எடுத்தேகுங்கள். நம் பேரன் இன்று இவ்வூர்த் தெருவில் ஓடி விளையாடுகிறான். ஒவ்வோர் இல்லத்திலும் அவ்வாறே நிகழ்வதாக!