பொன்னேரி தாண்டி ஒரு கடற்கரை

லீவு வந்தாலே கோவா, மாலத்தீவு என்று பேச்சு கிளம்பிவிடுகிறது. மணலி புதுநகர்க்காரர்களுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. மீஞ்சூர், பொன்னேரி தாண்டினால் பழவேற்காடு!

ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வரும். அவை சாப்பிடுவதைக் கவனியுங்கள். தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை வடிகட்டி, இரையை மட்டும் எடுத்துக்கொள்ளும். அவற்றின் இளஞ்சிவப்பு நிறமே அந்த இரையிலிருந்து வருவதுதான். தூரத்தில் நின்றே பாருங்கள், விரட்டாதீர்கள்.

1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இங்கிருந்து துணி மூட்டைகளோடு, அடிமைகளாக மனிதர்களும் கப்பலேற்றப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு அதையும் சொல்லுங்கள். கோட்டை சிதைந்துவிட்டது. ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும். உள்ளே கல்வெட்டு எழுத்துகள் இன்றும் தெளிவாகத் தெரியும்.

திரும்பும்போது மீனவர்களிடமே இறாலும் நண்டும் வாங்குங்கள். பேரம் பேசி அவர்கள் வயிற்றில் அடிக்காதீர்கள்.

இன்னொன்று, 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து, உல்லாசமாக வந்தவர்கள் பலர் இறந்துபோனார்கள். அனுமதியில்லாத படகில் ஏறவே ஏறாதீர்கள். முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம், அங்கே குளிக்க வேண்டாம். கொண்டுபோகிற பிளாஸ்டிக்கை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். அந்த ஏரியை நம்பித்தான் எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிகிறது.