கட்டத்துக்குள் வந்த மௌனம்



பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த சித்திரக்கதைகளைப் பற்றி மேடையேறிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மனம் நிறைந்திருக்கிறது.

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அந்தக் கைக்காக எத்தனை மத்தியானத் தூக்கத்தை விட்டிருப்போம்! இன்று அந்தக் காலக் கதைகளைப் புரட்டினால் ஒன்று புரிகிறது. படம் சொல்வதையே கட்டத்தின் மேலுள்ள எழுத்தும் சொல்லும். நாயகனும் அதையே மனத்துக்குள் சொல்லிக்கொள்வான். அதற்குக் காரணம் உண்டு. மாயாவி 1962-இல் லண்டனின் 'வேலியன்ட்' வார இதழில், வாரம் சில பக்கங்களாக வெளிவந்த தொடர். போன வாரத்தைத் தவறவிட்ட சிறுவனுக்கும் கதை விளங்க வேண்டுமே!

அந்த எழுத்துச் சுமையை இறக்கிவைத்த ஒரு கலைஞனை இங்கே நினைவுகூர வேண்டும். அவர் பெயர் பெர்னார்ட் கிரிக்ஸ்டைன். 1955-இல் அமெரிக்காவில் வந்த 'மாஸ்டர் ரேஸ்' கதையை வரைந்தவர். ஆறு பக்கம் கொடுத்தார்கள், பன்னிரண்டு கேட்டார், எட்டுதான் கிடைத்தது. அந்த எட்டையும் அவர் எப்படிப் பயன்படுத்தினார் தெரியுமா? நாஜி வதைமுகாமை நடத்திய ஒருவன், பத்தாண்டு கழித்து நியூயார்க் சுரங்க ரயிலில் ஒரு முகத்தைப் பார்த்து மிரண்டு ஓடுகிறான். நடைமேடை விளிம்பில் கால் வழுக்குகிறது. அந்த ஒரு நொடியை ஒல்லி ஒல்லியான கட்டங்களாக நறுக்கி வைத்தார் கிரிக்ஸ்டைன். கண் ஒவ்வொன்றாகக் கடக்கக் கடக்க, அந்த விழுதல் முடியவே மாட்டேன் என்கிறது. மேலே ரயில் கடந்து போகிறது. ஜன்னல்களில் ஒரே முகம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. எழுத்து அங்கே வாய்மூடி நிற்கிறது. காலத்தையே கட்டங்களால் இழுத்து நீட்டலாம் என்று காட்டிய பக்கம் அது, நண்பர்களே!

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 1954-இல், அங்கே காமிக்ஸ் தணிக்கை விதிகள் வந்துவிட்டன. அந்தக் கதையை வெளியிட்ட நிறுவனம் விரைவிலேயே காமிக்ஸ் இதழ்களைக் கைவிட்டது. வளர்ந்தவர்களுக்கான சித்திரக்கதை பல ஆண்டுகள் பின்தங்கிப் போனதற்கு அந்தத் தணிக்கையே பெரிய காரணம் என்பேன்.

மீண்டும் கதவு திறந்தது எண்பதுகளில். 1986-இல் தொடங்கிய 'வாட்ச்மென்' என்ற சித்திரக்கதைத் தொடர், பாத்திரம் மனத்துக்குள் சொல்லிக்கொள்வதைக் காட்டும் எண்ணக் குமிழிகளை அறவே விலக்கியது. பல இடங்களில் பாத்திரத்தின் மனத்தை அதன் முகத்தைப் பார்த்தே நாம் படிக்க வேண்டும். ஆர்ட் ஸ்பீகல்மன் தன் தந்தை நாஜி முகாமில் பட்டதை யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து 'மவுஸ்' ஆக்கினார். 1992-இல் அதற்கு புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால், "படம்தானே, சீக்கிரம் புரட்டு" என்று அவசரப்படுத்தாதீர்கள். அது படித்துக்கொண்டிருக்கிறது. நூலகப் பொறுப்பாளர்களுக்கும் சொல்கிறேன்: சித்திரக்கதையைச் சிறுவர் பகுதியோடு நிறுத்திவிடாதீர்கள். நாவல்கள் இருக்கும் அலமாரியிலும் அதற்கு ஒரு தட்டு ஒதுக்குங்கள்.